என்.பி.ஏ. வீரர் பேரம்: வதந்தியை எடைபோடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூலை முதல் தேதி, அதிகாலை மூன்றரை மணி. எங்கும் ஆட்டம் நடக்கவில்லை. இறுதிப்போட்டி முடிந்து ஒன்றிரண்டு வாரம் ஆகிவிட்டது. இருந்தும் கைப்பேசி வெளிச்சத்தில் கண் சிவக்க விழித்திருக்கும் கூடைப்பந்து ரசிகர்கள் நம் ஊரிலும் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். நியூயார்க்கில் அப்போது ஜூன் 30, மாலை ஆறு மணி. என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களோடு முப்பது அணிகளும் பேரம் பேசலாம் என்று கதவு திறக்கும் நேரம் அது.

கதவு திறந்த ஐந்தாவது நிமிடமே பத்துக் கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று முடிந்துவிட்டதாகச் செய்தி வரும். ஐந்து நிமிடத்தில் பத்துக் கோடியைப் பேசி முடித்துவிட்டார்களா என்று உங்களுக்குச் சிரிப்பு வந்தால், இந்த விளையாட்டு உங்களுக்குப் பிடிபடத் தொடங்கிவிட்டது.

அதற்கு முந்தைய ஒரு மாதமும் வதந்திதான். இன்னார் இந்த அணிக்கு வருகிறார், அன்னாரை அந்த அணி தள்ளிவிடப் பார்க்கிறது என்று நாள் முழுவதும் ஓடும். புதிதாக வருபவர்கள் இந்த வதந்திகளிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். நீங்கள் அணியின் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஓர் அணியால் எதெல்லாம் முடியாது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வதந்தி தானாக உதிர்ந்துவிடும். மிஞ்சுவதை வைத்துக்கொண்டு ஊகிப்பதில்தான் ருசி.

படி 1: தேதிகளை எழுதி ஒட்டுங்கள்

ஜூன் பிற்பகுதியில் டிராஃப்ட், அதாவது புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அதையொட்டிய நாட்களில் நிறைய வீரர் மாற்றங்கள் நடக்கும். ஜூன் கடைசியில், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை ஏற்பதா விலகுவதா என்று சில வீரர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஜூன் 30 மாலை பேச்சு தொடங்கும். ஆனால் ஜூலை 6 நண்பகல் வரை, அதாவது நமக்கு இரவு ஒன்பதரை வரை, பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்திட முடியாது. இந்த இடைப்பட்ட நாட்களில் 'சேர்ந்துவிட்டார்' என்று வருவதெல்லாம் வாய்வார்த்தை. தாம்பூலம் மாற்றியாயிற்று, தாலி ஏறவில்லை. இதன் ஆபத்தைப் பின்னால் பார்ப்போம்.

தன் அணியின் பழைய வீரரோடு பேச ஜூன் 30 வரை காத்திருக்க வேண்டியதில்லை. இறுதிப்போட்டி முடிந்த மறுநாளே பேசலாம் என்பது 2024 முதல் நடைமுறை. பருவத்தின் நடுவே பிப்ரவரியில் வீரர் மாற்றத்துக்குக் கடைசி நாள் வரும். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் மூன்று மணி. நமக்கு இரவு ஒன்றரை. கோடையில் ஒப்பந்தமான வீரர்களில் பெரும்பாலோரை டிசம்பர் 15-க்கு முன் வேறு அணிக்கு அனுப்ப முடியாது. ஆகவே நவம்பரில் அப்படி ஒருவரை வைத்து யாராவது பேரம் கட்டினால், தேதியைக் காட்டி வாயை அடைத்துவிடலாம்.

படி 2: அணியின் சம்பளப் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

என்.பி.ஏ.வில் சம்பள வரம்பு என்று ஒன்று உண்டு. வரம்பு என்று பெயரே தவிர, சில சலுகைகளைப் பயன்படுத்தி அதைத் தாண்டலாம். தாண்டத் தாண்ட அபராதமும் தடைகளும் கூடும். 2025–26 பருவத்துக்கான நான்கு கோடுகள் இவை: சம்பள வரம்பு 15.46 கோடி டாலர். ஆடம்பர வரி தொடங்கும் கோடு 18.79 கோடி. முதல் ஏப்ரன் 19.59 கோடி. இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. சமையலறை ஏப்ரனுக்கும் இதற்கும் என்ன உறவு என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டாவது கோட்டைத் தாண்டிய அணிக்குக் கையும் காலும் கட்டப்படும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த அணியால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. பேரத்தில் ரொக்கம் சேர்க்க முடியாது. ஏழு ஆண்டு கழித்து வரும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் முடக்கப்படும்.

இப்போது ஒரு பயிற்சி. 2025 மே மாதம், பாஸ்டன் செல்டிக்ஸ். முந்தைய ஆண்டின் சாம்பியன். மே 12 அன்று நியூயார்க்கில் ஜேசன் டேட்டத்துக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. அணியும் புது உரிமையாளர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. அடுத்த பருவச் சம்பளத்தைக் கூட்டுங்கள், கோடி டாலரில்: டேட்டம் 5.41, ஜேலன் பிரவுன் 5.31, ஜ்ரூ ஹாலிடே 3.24, கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸ் 3.07, டெரிக் வைட் 2.81, சாம் ஹவுசர் 1.00, பேட்டன் பிரிச்சர்ட் 0.72. மொத்தம் 21.56. ஏழே பேர்! அதற்குள் இரண்டாம் ஏப்ரனைத் தாண்டியாயிற்று. குறைந்தது பதினான்கு பேர் வேண்டும், இன்னும் பாதி அணியைச் சேர்க்கவே இல்லை.

வதந்தி எதையும் கேட்காமலேயே இப்போது நீங்கள் ஊகிக்கலாம். நட்சத்திரம் ஓராண்டு ஆட மாட்டார். அந்த ஓராண்டுக்காக உச்ச அபராதம் கட்ட எந்த முதலாளியும் விரும்ப மாட்டார். ஏறத்தாழ இரண்டு கோடியைக் கழிக்க வேண்டும். யாரைக் கழிப்பது? காயமுற்ற டேட்டத்தை யாரும் தொட மாட்டார்கள். பிரவுனும் வைட்டும் அணியின் முதுகெலும்பு. மிஞ்சுவது 35 வயதை எட்டவிருந்த ஹாலிடே, ஒப்பந்தத்தில் ஓராண்டே மீதமிருந்த போர்ஜிங்கிஸ்.

நடந்ததும் அதுதான். ஜூனில் டிராஃப்ட்டுக்கு முன், அடுத்தடுத்த நாட்களில் இருவரும் போனார்கள். ஹாலிடே போர்ட்லண்டுக்குப் போக, பதிலுக்கு 2.77 கோடிச் சம்பளத்தில் ஆன்ஃபர்னி சைமன்ஸ் வந்தார். போர்ஜிங்கிஸ் அட்லாண்டாவுக்குப் போன மூன்று அணிப் பேரத்தில் 82 லட்சம் டாலர் சம்பளக்காரரான ஜார்ஜஸ் நியாங் வந்தார். கழித்துப் பாருங்கள்: 47 லட்சமும் 2.25 கோடியும். நியாங்கையும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் யூட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு காகிதமும் பேனாவும் இருந்திருந்தால் மே மாதமே இதில் பெரும்பகுதியைச் சொல்லியிருக்கலாம்.

படி 3: எந்த வாசல் வழியாக என்று கேளுங்கள்

'அந்த அணி இவரை வாங்கிவிடும்' என்று யார் சொன்னாலும் உடனே கேட்க வேண்டிய கேள்வி, எந்த வாசல் வழியாக என்பதே. வெளி வீரர் உள்ளே வரச் சில வாசல்கள்தான் உண்டு.

முதலாவது காலியிடம். சம்பள வரம்புக்குக் கீழே இடம் வைத்திருக்கும் அணி அந்த அளவுக்குச் சம்பளம் தரலாம். இரண்டாவது, வரம்பைத் தாண்டிய அணிகளுக்கான இடைநிலைச் சலுகை. 2025–26 பருவத்தில் இது 1.41 கோடி டாலர், முதல் ஏப்ரனைத் தாண்டிய அணிக்கு வெறும் 57 லட்சம், இரண்டாம் ஏப்ரனைத் தாண்டியவர்களுக்கு அதுவும் கிடையாது. மூன்றாவது குறைந்தபட்சச் சம்பளம். கிண்ணத்துக்காக வரும் மூத்த வீரர்களின் வாசல் இது. நான்காவது, பழைய அணியே ஒப்பந்தம் போட்டு அனுப்பிவைப்பது. இதில் பழைய அணியின் சம்மதம் வேண்டும். வாங்கும் அணியும் அந்தப் பருவம் முழுவதும் முதல் ஏப்ரனைத் தாண்டக் கூடாது.

தன் சொந்த வீரரைத் தக்கவைக்க மட்டும் ஓர் அகலமான வாசல் இருக்கிறது. பாஸ்டனின் பழைய நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் அதைப் பேர்ட் உரிமை என்பார்கள். மூன்று ஆண்டுகள் அணியில் இருந்தவருக்கு, வரம்பைத் தாண்டியும், அவருக்குத் தகுதியான உச்சச் சம்பளம் வரை தரலாம். பழைய அணி ஐந்து ஆண்டும், புது அணி நான்கு ஆண்டும் தர முடியும். பல வீரர்கள் இருக்கும் இடத்திலேயே இருந்துவிடுவதன் ரகசியம் இதுதான். விசுவாசம் என்று நாம் பாராட்டுவதில் பாதி, ஐந்தாவது ஆண்டின் சம்பளம்.

சில சமயம் வாசல் இல்லாத இடத்தில் சுவரை இடிப்பார்கள். 2025 ஜூலையில் மில்வாக்கி அதைச் செய்தது. குதிகால் அறுந்து கிடந்த டேமியன் லில்லர்டுக்கு இரண்டு ஆண்டுகளில் 11.3 கோடி தர வேண்டியிருந்தது. அணி அவரை விடுவித்து அந்தப் பணத்தை ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டியது; ஆண்டுக்கு 2.25 கோடி, ஆடாத ஒருவருக்கு. கிடைத்த இடத்தில் இந்தியானாவின் மைல்ஸ் டர்னரைக் கொண்டுவந்தார்கள். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கணக்கு தெரிந்தவர்களும் சேர்த்துத்தான்.

படி 4: வீரர் எந்த வகை?

ஃப்ரீ ஏஜென்ட், அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரர், என்றால் எல்லோரும் ஒரே மாதிரி விடுதலையானவர்கள் இல்லை. முதல் ஒப்பந்தம் முடித்த இளைஞர்கள் பலர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். வேறு அணி விலை பேசினால் பழைய அணி அதே விலையைத் தந்து தக்கவைத்துக்கொள்ளலாம். 2022 ஜூலையில் இந்தியானா, டீஆண்ட்ரே எய்ட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 13.3 கோடி என்று தாளை நீட்டியது. சில நிமிடங்களில் ஃபீனிக்ஸ் அதை ஈடுகட்டிவிட்டது. இந்தியானாவுக்கு மிச்சம் ஏமாற்றம்தான்.

இப்படி ஆகுமென்று தெரிவதால் பிற அணிகள் இந்த வகை வீரர்களிடம் அதிகம் போவதில்லை. 2025 கோடையில் கையில் பெரிய காலியிடம் வைத்திருந்தது புரூக்ளின் ஒன்றுதான். விளைவு? ஜோனதன் குமிங்கா, ஜாஷ் கிட்டி போன்றவர்கள் செப்டம்பர் வரை ஒப்பந்தம் இல்லாமல் காத்திருந்தார்கள். அந்தக் கோடை முழுவதும் அவர்களைப் பற்றி வந்த வதந்திகளைப் படித்தவர்களுக்குப் பொழுது போயிருக்கும், வேறொன்றும் கிடைத்திருக்காது.

படி 5: மாற்றுப் பேரத்தின் தராசு

வீரரைக் கொடுத்து வீரரை வாங்குவது நம் ஊர்ப் பண்டமாற்றுதான். நெல்லுக்கு உப்பு. ஆனால் தராசில் ஆட்டத்திறனோடு சம்பளத்தையும் வைக்க வேண்டும். வரம்பைத் தாண்டிய அணி, அனுப்பும் சம்பளத்தைவிடக் குறிப்பிட்ட அளவுக்குமேல் கூடுதலாகப் பெற முடியாது. முதல் ஏப்ரனைத் தாண்டியிருந்தால் ஒரு டாலர்கூடக் கூடக் கூடாது.

இந்தத் தராசு ஒரு வதந்தியை எப்படிக் கொல்கிறது என்பதற்கு 2025 ஜனவரியைவிட நல்ல பாடம் கிடையாது. மயாமியோடு மனக்கசப்பில் இருந்த ஜிம்மி பட்லர் ஃபீனிக்ஸுக்குப் போக விரும்புகிறார் என்று எங்கும் செய்தி. பட்லரின் சம்பளம் 4.88 கோடி. ஃபீனிக்ஸ் இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே. இரண்டு வீரரைக் கூட்டித் தர முடியாது. ஆக, தனி ஒருவராகவே அந்த எடைக்கு வர வேண்டும். கெவின் டுரான்டையும் டெவின் புக்கரையும் தரப்போவதில்லை என்றால் மிச்சம் 5.02 கோடிச் சம்பளக்காரரான பிராட்லி பீல் ஒருவர்தான். அந்த பீலின் ஒப்பந்தத்தில் தம் சம்மதமின்றி மாற்றக் கூடாது என்ற பிரிவு இருந்தது. லீக்கிலேயே வெகு சிலருக்கே இருந்த பிரிவு.

கோட்டைக்கு ஒரே வாசல், அதன் சாவி வெளியே போக விரும்பாதவரின் சட்டைப்பையில். இது ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒரு மாதம் வதந்தி ஓடியது. பிப்ரவரியில் பட்லர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார்.

சம்பளம் போக, தராசில் வைக்க இன்னொரு பொருள் வருங்கால டிராஃப்ட் உரிமை. ஏழு ஆண்டு வரை முன்கூட்டியே விற்கலாம். ஆனால் வருங்கால முதல் சுற்று உரிமைகளை அடுத்தடுத்த ஆண்டுகளுக்குச் சேர்த்து விற்கக் கூடாது. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன், நாளை என்பதே இல்லாதவர்போல் உரிமைகளை விற்றுத் தீர்த்தார். அவர் பெயராலேயே அந்த விதி வழங்குகிறது. 'எல்லா உரிமையையும் கொடுத்து அவரை வாங்கிவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒன்றுவிட்டு ஒன்றாக எண்ணிப் பாருங்கள்; நான்குக்கு மேல் பெரும்பாலும் தேறாது.

இந்த உரிமைகளை அற்பமாக நினைக்க வேண்டாம். 2019 ஜூலையில் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்த ஓக்லஹோமா சிட்டி, ஐந்து முதல் சுற்று உரிமைகளோடு ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற, ஒரே பருவம் ஆடியிருந்த இளைஞரையும் வாங்கிக்கொண்டது. அந்த உரிமைகளில் ஒன்றில் 2022-இல் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025-இல் ஓக்லஹோமா சாம்பியன். கில்ஜியஸ்-அலெக்சாண்டர் பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர், இறுதிப்போட்டியின் மிக மதிப்புமிக்க வீரர். பேரம் நடந்த நாளில் தலைப்புச் செய்தி முழுவதும் மற்ற அணியைப் பற்றித்தான்.

படி 6: வினைச்சொல்லைப் பாருங்கள்

இனிதான் வதந்தி. செய்தியில் வீரர் பெயரைப் பார்க்குமுன் வினைச்சொல்லைப் பாருங்கள். 'விசாரித்தது' என்றால் ஒன்றுமே இல்லை. எல்லா மேலாளரும் எல்லா வீரரைப் பற்றியும் விசாரிப்பார்கள், அதற்குத்தான் சம்பளம். 'ஆர்வம் காட்டுகிறது' என்பது அதற்கு அரைப்படி மேலே. 'பேச்சு நடக்கிறது' என்றால் நிமிர்ந்து உட்காரலாம். 'இறுதிக்கட்டம்' என்றால் தூங்கப் போக வேண்டாம். 'ஒப்புக்கொண்டார்' என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிந்தது. பெண் பார்க்கப் போனதற்கே பந்தல் போடும் ரசிகர்கள், 'விசாரித்தது' என்ற சொல்லைப் பார்த்தவுடன் புது ஜெர்சியில் வீரரின் படத்தை வரைந்துவிடுவார்கள்.

அடுத்து, இது யாருக்கு லாபம்? விதிப்படி ஓர் அணியின் நிர்வாகி வேறு அணியோடு ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரைப் பற்றி ஆசை காட்டிப் பேசக் கூடாது. 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் நிர்வாகியாக இருந்த மேஜிக் ஜான்சன், யானிஸ் ஆன்டெடொகும்போவைப் புகழ்ந்து பேசியதற்கே 50,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அதனால்தான் எல்லாம் பெயரில்லாத வட்டாரங்கள் வழியாகக் கசிகிறது. 'மூன்று அணிகள் போட்டியிடுகின்றன' என்றால் வீரரின் முகவர் விலை ஏற்றுகிறார் என்று கொள்ளலாம். 'அந்த வீரரை விற்கும் எண்ணமே இல்லை' என்றால் விலை இன்னும் படியவில்லை என்றும் பொருள் இருக்கலாம். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இந்தத் தொழிலில் புகை போடுவதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

செய்தி தரும் ஆளையும் சரிபாருங்கள். நெடுங்காலம் கோலோச்சிய செய்தியாளர் ஏட்ரியன் வொய்னராவ்ஸ்கி 2024 செப்டம்பரில் ஓய்வு பெற்றார்; இப்போது முதல் செய்தி பெரும்பாலும் ஷாம்ஸ் சரானியாவிடமிருந்து வரும். அவர்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிக் கணக்கு நடத்துபவர்கள் ஏராளம். நானும் ஒருமுறை ஏமாந்து, நண்பர்கள் குழுவில் பகிர்ந்து, இன்றுவரை கேலிக்கு ஆளாகிறேன்.

பேசாதவர்களைக் கணக்கில் எடுக்க மறந்துவிடாதீர்கள். 2019-இல் டொராண்டோ நட்சத்திரம் கவாய் லெனர்ட் எந்த அணி என்று முடிவு சொல்லாமல் இருந்த நாட்களில் டொராண்டோவில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் விமான நிலையத்திலிருந்து போன வண்டிகளை ஹெலிகாப்டரில் துரத்தியது. டொராண்டோவா லேக்கர்ஸா என்றே பெரும்பாலான பேச்சு. அவர் போனது அதிகம் சத்தம் போடாத கிளிப்பர்ஸுக்கு.

படி 7: செயலைப் படியுங்கள்

வாயால் சொல்வதைவிட, செலவு செய்து காட்டுவது நம்பத் தகுந்தது. 2022 வசந்தத்தில் ஜேலன் பிரன்சன் டாலஸ் வீரர். ஜூன் முடிவில் ஒப்பந்தம் முடிகிறது. அவருக்குப் பேர்ட் உரிமை இருந்ததால் டாலஸ்தான் அதிகம் தர முடியும். விதிப்புத்தகம் அவர் தங்குவார் என்றது. நியூயார்க் நிக்ஸ் அணியின் நடத்தை வேறு சொன்னது.

நிக்ஸ் தலைவர் லியான் ரோஸ் முன்பு வீரர்களின் முகவராக இருந்தவர். அவருடைய முதல் வீரர் யார் தெரியுமா? ரிக் பிரன்சன், ஜேலனின் அப்பா. ரோஸின் மகன் ஜேலனின் முகவர்களில் ஒருவர். ஏப்ரலில் டாலஸும் யூட்டாவும் மோதிய முதல் சுற்று ஆட்டத்தைப் பார்க்க நிக்ஸ் நிர்வாகம் களத்தோர இருக்கைகளில் வந்து உட்கார்ந்தது. நிக்ஸுக்கு அந்தத் தொடரில் வேலையே இல்லை. ஜூனில் ரிக் பிரன்சன் நிக்ஸின் உதவிப் பயிற்சியாளர் ஆனார். இதுவரை எல்லாம் தற்செயல் என்று வாதிடலாம். ஜூன் கடைசியில், ஒரே வாரத்துக்குள், கெம்பா வாக்கர், நெர்லன்ஸ் நோயல், அலெக் பர்க்ஸ் என மூன்று பேரை, டிராஃப்ட் உரிமைகளையும் கூடவே கொடுத்து, டெட்ராய்ட் தலையில் கட்டினார்கள். மூவர் சம்பளமும் சேர்ந்து இரண்டே முக்கால் கோடிக்கும் மேல். உரிமையைக் கொடுத்து இடம் வாங்குபவர், அந்த இடத்தை யாருக்கு வைத்திருக்கிறார் என்று தெரியாமலா செய்வார்? இந்தப் புள்ளியில் ஊகம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

ஜேலன் நிக்ஸுக்கே போனார்: நான்கு ஆண்டு, 10.4 கோடி டாலர். அதற்கு முந்தைய பருவத்தில் டாலஸ் அவருக்குத் தந்திருக்கக்கூடிய நீட்டிப்பின் உச்சம் 5.55 கோடிதான். நேரத்துக்கு முன்பே பேசியதற்காக நிக்ஸிடமிருந்து லீக் ஓர் இரண்டாம் சுற்று உரிமையைப் பறித்தது. ரோஸ் அதற்கெல்லாம் கவலைப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடக்கத்தில் கேட்ட ஐந்து நிமிடக் கேள்விக்கும் இதுவே பதில்.

ஆகவே கவனியுங்கள்: யாரைப் பயிற்சியாளராக எடுக்கிறார்கள், யாரைக் காரணமின்றி விற்கிறார்கள், யாருடைய முகவருக்கு எந்த அணியோடு பழக்கம்.

படி 8: ஊகத்துக்கு அடங்காதவை

2015 ஜூலையில் டீஆண்ட்ரே ஜோர்டன் டாலஸுக்குச் சம்மதம் சொன்னார். ஊரெல்லாம் செய்தி. கையெழுத்துக்குத் தடையான நாட்கள் ஓடிக்கொண்டிருக்கையில் அவர் மனம் தடுமாற, பழைய அணியான கிளிப்பர்ஸின் வீரர்கள் விமானம், வாழைப்பழப் படகு என்று எமோஜிகளைப் பகிர்ந்தபடி ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். கதவுக்கு நாற்காலியை அண்டக்கொடுத்த படத்தை பிளேக் கிரிஃபின் வெளியிட்டார். தடை நீங்கியதும் ஜோர்டன் கிளிப்பர்ஸ் தாளில் கையெழுத்திட்டார். முதல் படியில் சொன்ன தாம்பூலக் கதை இதுதான்.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு. நமக்குக் காலை பதினொரு மணியை நெருங்கும் நேரம். லூக்கா டான்சிச் லேக்கர்ஸுக்கு, ஆன்டனி டேவிஸ் டாலஸுக்கு. சரானியாவின் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். இது உண்மைதான் என்று அவரே மறுபடி எழுத வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோன, 25 வயது வீரர். ஒரு வதந்திகூட இல்லை. டாலஸ் மேலாளர் நிக்கோ ஹாரிசனும் லேக்கர்ஸ் மேலாளர் ராப் பெலிங்காவும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்திருந்தார்கள். முகவருக்குத் தெரிந்தால் கசியும், அவருக்கே சொல்லவில்லை.

பிறகு யோசித்தபோது ஒன்று உறைத்தது. கணக்கில் ஒரு வரி இருந்தது. அந்தக் கோடையில் டான்சிச்சுக்கு ஐந்து ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தம் தர டாலஸ் கடமைப்பட்டதுபோன்ற நிலை. அந்த எண்ணை நாம் எல்லோரும் பார்த்திருந்தோம். அதைப் பார்த்து ஒரு மேலாளர் பின்வாங்குவார் என்று படிக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படிப் படித்த ஹாரிசனை அந்த நவம்பரில் அணி வேலையிலிருந்து நீக்கியது.

படி 9: எழுதி வையுங்கள்

தேதி போட்டு, காரணம் ஒரு வரி சேர்த்து, உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் ஜூலை பத்தாம் தேதி எல்லாவற்றையும் முன்பே சொன்னதாக நீங்களே நம்பிவிடுவீர்கள்.

என் நோட்டில் 2023 ஜூலை 1 தேதியிட்ட பக்கம் இருக்கிறது. அன்று லில்லர்ட் போர்ட்லண்டிடம் தம்மை விற்கக் கேட்டார். மயாமிக்கு மட்டுமே போவேன் என்பது அவர் தரப்பு. 'மயாமி. சந்தேகமே இல்லை' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். மயாமி தரக்கூடிய பெரிய பெயர் டைலர் ஹீரோ, அவரும் பின்கள வீரர். போர்ட்லண்டிடம் ஏற்கெனவே சைமன்ஸ், ஷேடன் ஷார்ப் இருந்தார்கள்; ஒரு வாரம் முன்புதான் ஸ்கூட் ஹெண்டர்சனையும் டிராஃப்ட்டில் எடுத்திருந்தார்கள். வீட்டில் மூன்று அண்டா இருக்கும்போது நான்காவது அண்டாவுக்கு எதற்கு வண்டியைக் கொடுப்பார்கள் என்று நான் கேட்கவே இல்லை. வாங்குபவர் ஆசையைப் பார்த்தேன், விற்பவர் தேவையைப் பார்க்கவில்லை. செப்டம்பர் 27-இல் அவர் மில்வாக்கிக்குப் போனார்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதன் அடியில் 2025 ஜூலை தேதியிட்டு இன்னொரு வரி: மில்வாக்கி விடுவித்த லில்லர்ட், மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் மீண்டும் போர்ட்லண்டுக்கு. அதையும் நான் ஊகித்திருக்கவில்லை.